திருவொற்றியூர் புல்லட்டுக்கு உள்ளங்கை பேட்டரி

பழைய புல்லட் ஒன்றைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், அதற்குப் பின்னால் இருக்கைக்கு அடியில் ஒரு முக்கோணம். கம்பெனியிலிருந்து வந்த கோலத்தில் அந்த முக்கோணம் கண்ணுக்குத் தெரியாது. டூல் பெட்டி, ஏர் ஃபில்டர், பேட்டரிப் பெட்டி என்று தகரமாக அடைத்திருக்கும். அத்தனையையும் கழற்றிவிட்டுப் பார்த்தால் வண்டியே வேறு. ஃப்ரேம் குழாய்களின் வளைவு தெரிகிறது, மறுபக்கத்து வெயில் தெரிகிறது, பின்சக்கரம் தனியே பிரிந்து நிற்கிறது. புல்லட்டைத் தன் ரசனைக்குக் கட்டிக்கொள்ள நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் ஆசைப்படுவது இந்தக் காலி இடத்துக்குத்தான். டூல்களைப் பையில் போட்டுக்கொள்ளலாம், ஏர் ஃபில்டரைச் சிறியதாக்கலாம். பேட்டரி மட்டும் எங்கேயாவது உட்கார்ந்தே ஆக வேண்டும்.

என் வண்டியில் அந்த முக்கோணம் இப்போது முழுக்கக் காலி. இருக்கையின் அடித்தகட்டை ஒட்டி, இரண்டு குழாய்களுக்கு நடுவே, உள்ளங்கையில் அடங்குகிற பேட்டரி ஒன்று இருக்கிறது. குனிந்து பார்த்தாலும் சட்டென்று தென்படாது. கிக்கரை மிதித்தால் வண்டி உயிர்பெறுகிறது, விளக்கு வெள்ளையாக எரிகிறது, ஹாரன் தெருக்கோடி வரை கேட்கிறது. ஒரு பேட்டரியைப் பற்றி இவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதன் எழுதுவானா என்று கேட்டால், எழுதுவான். நான் எழுதுகிறேன்.

வண்டியைப் பற்றி முதலில். 1990களில் செய்யப்பட்ட வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350. கிக்கர் மட்டும்தான், செல்ஃப் கிடையாது. பாயிண்ட் இக்னிஷன், 12 வோல்ட். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். பிறந்தது எங்கள் ஊரிலேயே, திருவொற்றியூர் தொழிற்சாலையில். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். 1957-ல் அச்சுகளும் கருவிகளும் வந்து சேர்ந்தன. 1962-க்குள் எல்லா பாகமும் இங்கேயே தயாராயிற்று. 1970-ல் இங்கிலாந்தில் அந்தப் பெயரே மறைந்துபோன பிறகும் திருவொற்றியூரில் ஷிப்டு சங்கு ஓயவில்லை. 1977-ல் இங்கே செய்த புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகிப் போனது! டி.எச். ரோட்டில் அந்த வண்டியை ஓட்டும்போது எனக்குள் ஏறுகிற பெருமைக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

ஆனால் இந்த ஊர் பேட்டரிக்கு நல்ல ஊர் அல்ல. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இடது பக்கம் ஆலைகள், வலது பக்கம் கடல். காசிமேட்டிலிருந்து அடிக்கிற காற்றில் உப்பு. எண்ணூர்ப் பக்கம் போனால் அனல்மின் நிலையச் சாம்பல். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் டிரெய்லர்கள் அரைத்து வைத்த ரோடு. ஈய-அமில பேட்டரியின் உள்ளே தட்டுகளில் பூசியிருக்கும் பொருள் இந்தக் குலுக்கலில் உதிர்ந்து அடியில் மண்டியாகத் தங்கும், தட்டுகள் ஷார்ட் ஆகும். மேலே டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூக்கும். அமில ஆவி வெளியேறும் குழாய் கொஞ்சம் நகர்ந்துவிட்டால் போதும், கீழே இருக்கும் பெயிண்டையும் குரோமையும் தின்றுவிடும். போதாக்குறைக்கு வெப்பம். ஈய-அமில பேட்டரிக்கு வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. நம் சித்திரை வெயிலில் எஞ்சினை ஒட்டி உட்கார்ந்திருக்கும் பேட்டரியின் கதியை யோசித்துப் பாருங்கள்.

இதற்காக ஈய பேட்டரியை நான் பழிக்க மாட்டேன். பிரெஞ்சுக்காரர் காஸ்தோன் பிளாந்தே 1859-ல் செய்தது, இன்று வரை உலகத்தின் வண்டிகளைக் கிளப்பிக்கொண்டிருக்கிறது. அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறி நிற்கும் ஏ.ஜி.எம். வகை வந்த பிறகு அது கவிழ்ந்தாலும் கொட்டாது, தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். சிறிய ஏ.ஜி.எம்.மில் நான் மிகவும் மதிக்கிற ஒன்று உண்டு. ஒய்.டி.இசட். 7 எஸ் என்று அளவுப் பெயர். 113 மில்லிமீட்டர் நீளம், 70 அகலம், 105 உயரம், 6 ஏ.எச். (ஆம்பியர்-மணி). பல கம்பெனிகள் இதே அளவில் செய்கின்றன, எங்கும் கிடைக்கும், வண்டியில் எதையும் மாற்றாமல் பூட்டலாம். கஸ்டம் வண்டி கட்டுகிறவர் இதை வாங்கிப் பூட்டிவிட்டு நிம்மதியாகப் போகலாம், தப்பே இல்லை. எடைதான் 2 கிலோவைத் தொடும். நான் விரும்பிய இடத்தில் 105 மில்லிமீட்டர் உயரமும் கிடையாது.

அங்கேதான் எங்கள் மேஸ்திரி அண்ணன் வருகிறார். என்ஃபீல்டு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, காலடிப்பேட்டையில் சின்ன ஷெட் வைத்திருப்பவர். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் பேட்டரி வாங்கி வருகிறேன் என்று நான் துள்ளிக்கொண்டு போய் நின்றபோது, அவர் எடுத்துக் கொடுத்தது மல்டிமீட்டர்.

“தம்பி, மொதல்ல வண்டி எவ்ளோ குடுக்குதுன்னு பாரு. அப்பால பேட்டரி வாங்கிக்கலாம்.”

“புது பேட்டரி போட்டா சரியாயிடும்ல அண்ணே?”

“பேட்டரி நல்லாத்தான் கீது. சார்ஜ் கரீட்டா நிக்கலன்னா நீ தங்கத்துல பேட்டரி போட்டாலும் நிக்காது.”

சின்ன பேட்டரி தேடுகிற ஒவ்வொருவருக்கும் நான் சொல்ல விரும்புவது இதைத்தான். பேட்டரியின் அளவைத் தீர்மானிப்பது இடம் அல்ல, வண்டியின் சார்ஜிங். பெரிய பேட்டரி ஒரு குறைபாட்டை மாதக்கணக்கில் மறைத்து வைக்கும். அதிகமாக வந்தால் வாங்கித் தண்ணீராகக் கொதிக்கவிடும், குறைவாக வந்தால் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். சின்ன பேட்டரிக்கு அந்தப் பொறுமை கிடையாது. எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கிப் பிடித்து பேட்டரி முனைகளில் அளந்தபோது என் வண்டியில் 14-ஐத் தாண்டி 15-ஐயும் தாண்டி முள் ஏறியது. பழைய ரெகுலேட்டர் கைவிட்டிருந்தது. புதிய ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர் மாட்டி, எர்த் ஒயர்களை எல்லாம் துருவைச் சுரண்டி மறுபடி முடுக்கியதும் 14.2-ல் வந்து நின்றது. எவ்வளவு முறுக்கினாலும் 14.2. அண்ணன் முகத்தில் அப்போது வந்த சிரிப்பை நான் பேட்டரியின் உத்தரவாதச் சீட்டாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது செலவுக் கணக்கு. கிக்கர் வண்டிக்கு பேட்டரி தரவேண்டியது மிகக் குறைவு. பாயிண்ட் மூடியிருக்கும் நேரத்தில் காயில் 3 ஆம்பியர் அளவில் இழுக்கும், ஆனால் ஓடும்போது பாயிண்ட் மூடித் திறப்பதால் சராசரி அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. 60 வாட் ஹாலஜன் பல்பு ஒன்றுதான் பெரிய தின்னி, தனியாக 5 ஆம்பியர். அதை 20 வாட் எல்.இ.டி.யாக மாற்றினால் 1.6-க்கு இறங்கிவிடும். பின்விளக்கு, இண்டிகேட்டர் எல்லாம் எல்.இ.டி. ஆகிவிட்டால் கணக்கிலேயே வராது. ஹாரன் இழுப்பது அழுத்துகிற நொடிக்கு மட்டும். ரோட்டில் போகும்போது இவை எல்லாவற்றையும் ஆல்டர்னேட்டர் பார்த்துக்கொள்ளும். எண்ணூர் எக்ஸ்பிரஸ்வேயில் டிரெய்லர் வரிசைக்குப் பின்னால் ஐடிலில் நிற்கும்போதுதான் பேட்டரிக்கு வேலை. அங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்பது வடசென்னைக்காரனுக்குத் தெரியும். முழுக்க பேட்டரியிலிருந்தே எடுத்தாலும் மொத்தம் 4 ஆம்பியருக்குள். 6 ஏ.எச். இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். கிக்கர் புல்லட்டுக்கு அதற்கு மேல் எதற்கு?

பேட்டரியே வேண்டாம், பெரிய கெபாசிட்டர் ஒன்றை மாட்டிவிடலாம் என்றும் சிலர் செய்கிறார்கள். இடம் இன்னும் மிச்சம்தான். ஆனால் எஞ்சின் நின்றால் விளக்கும் நின்றுவிடும். இரவில் டிரெய்லர்களுக்கு நடுவே பின்விளக்கு இல்லாமல் நிற்கிற வண்டி எனக்கு வேண்டாம்.

இப்போது என் மனதுக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன்.

லித்தியம் என்ற ஒரே பெயரில் கடையில் பலதும் கிடைக்கிறது. லேப்டாப்பிலும் செல்போனிலும் இருக்கும் வகையில் ஒரு செல்லின் முழு சார்ஜ் 4.2 வோல்ட். மூன்றைத் தொடராகக் கோத்தால் 12.6-லேயே நிறைந்துவிடும், வண்டியோ 14.2-ஐ ஊட்டும். அது தீப்பிடிக்கக் கூப்பிடுவதற்குச் சமம். நான்கைக் கோத்தால் 16.8 வேண்டும், வண்டியால் அதைத் தர முடியாது, பாதி வயிற்றோடு ஓடும். எப்படிப் போட்டாலும் பொருந்தாது. பழைய லேப்டாப் செல்களைப் பிரித்தெடுத்து மோட்டார் சைக்கிளில் வைப்பதை யாரும் செய்யாதீர்கள்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் வேறு. ஒரு செல் ஓய்வில் 3.3 வோல்ட், முழுமையாக நிறைக்க 3.6-லிருந்து 3.65. நான்கைத் தொடராகக் கோத்துப் பாருங்கள்: 14.4. ஈய பேட்டரிக்காக உலகம் முழுவதும் மோட்டார் வாகனங்கள் வைத்துக்கொண்டிருக்கும் சார்ஜிங் அளவும் ஏறக்குறைய அதுவே! யாரும் திட்டமிட்டுச் செய்யாத பொருத்தம் இது. ஈயத்தின் ஆறு செல்லும் இரும்பின் நான்கு செல்லும் ஒரே வோல்ட்டேஜில் வந்து கைகுலுக்குகின்றன. முதல் முறை இதைத் தாளில் பெருக்கிப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1950களில் வரைந்த வண்டி, 1990களின் இறுதியில் பிறந்த வேதியியல், இரண்டும் ஒன்றுக்கொன்று காத்திருந்த மாதிரி.

இந்த வேதியியலில் நம் ஊர்க்காரர் ஒருவரின் கை இருக்கிறது என்பதை எத்தனை புல்லட்காரர்கள் அறிவார்கள்? ஆறுமுகம் மந்திரம். தென்தமிழ்நாட்டின் அமரபுரம் என்ற சிறு கிராமத்தில் பிறந்து, மதுரையில் வேதியியல் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கியவர். 1985-ல் ஆக்ஸ்போர்டில் ஜான் குட்எனஃபிடம் சேர்ந்தார், அடுத்த ஆண்டு அவரோடு டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். இரும்பு மலிவானது, நஞ்சில்லாதது, ஆனால் இரும்பு ஆக்சைடு பேட்டரியில் தரும் வோல்ட்டேஜ் மிகக் குறைவு. ஆக்சிஜனை மட்டும் வைக்காமல் சல்பேட் போன்ற கூட்டு அயனியை இரும்போடு வைத்தால் வோல்ட்டேஜ் ஒரு வோல்ட்டுக்கும் மேலே எகிறுகிறது என்று 1980களின் பிற்பகுதியில் மந்திரமும் குட்எனஃபும் காட்டினார்கள். அந்த வழியைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் பாதி (Padhi), நஞ்சுண்டசாமி, குட்எனஃப் ஆகியோர் 1997-ல் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையின் ஆசிரியர் பெயர்களைப் பாருங்கள், இந்தியப் பெயர்கள் நிற்கும். குட்எனஃப் 2019-ல், 97 வயதில் நோபல் பரிசு பெற்றபோது அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை நிகழ்த்தியவர் மந்திரம். மெட்ராஸில் பிறந்த வார்ப்பிரும்பு எஞ்சினுக்கு, மெட்ராஸில் பட்டம் வாங்கியவர் வழிதிறந்த இரும்பு பேட்டரி. இதைவிடச் சரியான ஜோடியை எனக்குக் காட்டுங்கள்!

பாஸ்பேட்டின் இன்னொரு குணம் ரோட்டில் இன்னும் முக்கியமானது. பாஸ்பரஸ் தன் ஆக்சிஜனை இறுகப் பிடித்து வைத்திருக்கும். அதனால் செல் சூடேறினாலும் உள்ளிருந்து ஆக்சிஜன் எளிதில் கழன்று தீக்குத் துணைபோகாது. தொடைக்கு அடியில், பெட்ரோல் டேங்குக்குப் பின்னால் வைக்கிற பொருளில் எனக்கு வேண்டியது இந்தக் குணம். குளிர்நாட்டில் இந்த வகை உறைநிலைக்குக் கீழே மந்தமாகிவிடும், சார்ஜும் ஏற்றக்கூடாது. எண்ணூரில் அந்தக் கவலை எதற்கு?

வாங்கும்போது லேபிளைக் கவனியுங்கள். ரெடிமேட் லித்தியம் பேட்டரிகள் சிலவற்றில் பெரிதாக 12 ஏ.எச். என்று அச்சிட்டிருக்கும். பக்கத்தில் பொடி எழுத்தில் அது ஈய பேட்டரிக்கு நிகரான கணக்கு என்று இருக்கும். உள்ளே உண்மையில் இருப்பது அதில் மூன்றில் ஒரு பங்காக இருக்கலாம். செல்ஃப் மோட்டாரைச் சுழற்றும் திறனை வைத்து அப்படி ஒப்பிடுகிறார்கள். செல்ஃப் வண்டிக்கு அது ஓரளவு நியாயம். எனக்கோ தேவை சிக்னலில் நிற்கும்போது எரியும் விளக்கு. அதற்கு உண்மையான ஏ.எச். எவ்வளவு என்று கேட்டு வாங்க வேண்டும். வாட்-மணி போட்டிருந்தால் அதை 12.8-ஆல் வகுத்தால் உண்மை வந்துவிடும்.

நான் செல்களாக வாங்கினேன். ரிச்சி ஸ்ட்ரீட்டின் உள் சந்துகளில் 32 மில்லிமீட்டர் விட்டமும் 70 மில்லிமீட்டர் உயரமும் உள்ள 6 ஏ.எச். செல்கள் கிடைக்கும். ஒன்று சில நூறு ரூபாய், எடை 150 கிராமுக்குள். பல செல்களை வரிசையாக அளந்து, வோல்ட்டேஜும் உள்தடையும் ஒத்துப்போகிற நான்கைப் பொறுக்கி எடுத்தோம். இந்தப் பொறுக்கும் வேலையில் சோம்பல் கூடாது. நான்கில் ஒன்று நொண்டியாக இருந்தால் மற்ற மூன்றும் அதன் வேகத்துக்குத்தான் நடக்கும். செல்லில் நேரடியாக ஈயப்பற்று வைக்கக்கூடாது, சூடு உள்ளே இறங்கிவிடும். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்து, பார்லி பேப்பர் வைத்து, இரண்டுக்கு இரண்டாக அடுக்கியபோது ஏறக்குறைய 65 மில்லிமீட்டர் சதுரம், 70 உயரம். மேலே செல்களைக் காக்கும் ஒரு பி.எம்.எஸ். பலகை. ஹீட் ஷ்ரிங்க் உறை போட்டுக் கையில் எடுத்தேன். முக்கால் கிலோகூட இல்லை! அதுவரை பெட்டியில் இருந்த ஈய பேட்டரியை இன்னொரு கையில் தூக்கி மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பி.எம்.எஸ். பற்றி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வோல்ட்டேஜ் எல்லை மீறினால் அது பேட்டரியைத் துண்டித்துக் காப்பாற்றும். ஓடும் வண்டியில் அப்படித் துண்டித்தால் ஆல்டர்னேட்டருக்கு முன்னால் பேட்டரி என்ற தாங்கி இல்லாமல் போய், வோல்ட்டேஜ் எகிறி பல்புகளைச் சுட்டுவிடலாம். அதனால் ரெகுலேட்டரின் எல்லை பி.எம்.எஸ்.ஸின் எல்லைக்குக் கீழே பத்திரமாக இருக்க வேண்டும். என்னுடையது 14.2, பி.எம்.எஸ். குறுக்கிடுவது 14.6-க்கு மேலே. மேஸ்திரி அண்ணன் மல்டிமீட்டரை முதலில் கையில் திணித்ததன் முழு அருமை இங்கேதான் தெரியும். எதிர்ப்பக்க எல்லையும் உண்டு. இந்த வகை பேட்டரி கிட்டத்தட்ட காலியாகும் வரை 13 வோல்ட்டை ஒட்டியே கொடுத்துக்கொண்டிருக்கும், பிறகு தொட்டி காலியான குழாய் போலச் சட்டென்று நின்றுவிடும். பாயிண்ட் வண்டியில் அந்த நொடியில் எஞ்சினும் நின்றுவிடும். ஹெட்லைட் கூட்டுக்குள் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு வைத்திருக்கிறேன், 12.8-க்குக் கீழே போனால் எரியும். சாவியைத் திறந்தே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற நண்பர்கள் இதை அவசியம் வைக்க வேண்டும்.

பெட்டி செய்தது காசிமேட்டில். மீன்பிடிப் படகுகளுக்குப் பொருள் செய்கிற பட்டறை. உப்பைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொள்ளலாம், ஆனால் உப்போடு வாழ்கிறவர்களிடம் கேட்பது போல வராது. சாதாரண 304 எவர்சில்வரில் செய்யலாம் என்று நான் சொன்னதும் அங்கிருந்த பெரியவர் தலையசைத்து மறுத்துவிட்டார். “316 போடு நைனா, கடல் காத்துக்கு அதான் நிக்கும்.” 316-ல் மாலிப்டினம் கலந்திருக்கும், உப்பு அரிப்பைத் தாங்கும். ஒயரும் அவர் சொன்னபடி படகு ஒயர்தான். செம்பு இழைகளுக்கு மேலே வெள்ளீயம் பூசியது. கருக்காது. பெட்டியின் உள்ளே நான்கு பக்கமும் ரப்பர், அடியில் இரண்டு மில்லிமீட்டர் ஓட்டை, மழைநீர் தேங்காமல் வடிய. முனைகளில் வாசலின். பெட்டியை சைலன்ஸர் பக்கம் போகவிடாமல் இருக்கைக்கு அடியில் காற்றோட்டத்தில் நிறுத்தினேன். ஃபியூஸ் ஒன்றை பேட்டரிக்கு ஒட்டியே வைத்தேன், ஒயர் எங்கே உரசிப் போனாலும் அங்கேயே அறுந்துவிட வேண்டும். இந்த வகை செல்கள் ஷார்ட் ஆனால் கொடுக்கிற மின்னோட்டம் பயங்கரமானது, ஃபியூஸ் இல்லாமல் வைக்கவே கூடாது.

பழைய ஈய பேட்டரியைக் காயலான் கடையில் போடாமல் பேட்டரிக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தேன். 2022-ன் பேட்டரிக் கழிவு விதிகளும் அதற்கு முந்தைய 2001 விதிகளும் சொல்வது அதைத்தான். ஈயம் மறுபடி ஈயமாகும், அமிலம் நம் கொசஸ்தலையில் போய்ச் சேராது. அந்த ஆறு ஏற்கனவே தாங்குவது போதும்.

முதல் கிக்கைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை. பழைய புல்லட்டை மிதிக்கத் தெரிந்தவர்களுக்கு ஆம்பியர் மீட்டர்தான் கண். சாவியைத் திறந்து கிக்கரை மெல்ல அழுத்தினால், பாயிண்ட் மூடியிருக்கும் வரை முள் இடது பக்கம் சாய்ந்திருக்கும். பிஸ்டன் மேலே வந்து பாயிண்ட் திறக்கிற கணத்தில் முள் நடுவுக்குத் தாவும். அப்போது டீகம்ப்ரஸரைப் பிடித்து பிஸ்டனை ஒரு துளி தாண்டவிட்டு, விட்டுவிட்டு, ஒரே மிதி. இந்தச் சடங்கு முழுக்க பேட்டரியை நம்பியது. சோர்ந்த பேட்டரியில் முள் சோம்பலாக அசையும், தாவுவது கண்ணுக்கே தெரியாது, பொறியும் மஞ்சளாக இருக்கும். இந்த இரும்பு பேட்டரி ஓய்விலேயே 13.2 வோல்ட். நன்றாக நிறைந்த ஈய பேட்டரி 12.6-தான். முள் துடிப்பாகச் சாய்ந்தது, துடிப்பாகத் தாவியது, ஒரே மிதியில் வண்டி எழுந்தது. அண்ணன் ஷெட்டில் இருந்த பையன்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

இப்போது காலையில் டோல்கேட்டிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை போய் வருவது எனக்கு வழக்கமாகிவிட்டது. கடலோரக் கற்களில் அலை அடித்துத் தூவும் உப்பு, பள்ளத்தில் இறங்கி ஏறும் குலுக்கல், டிரெய்லருக்குப் பின்னால் நீண்ட ஐடில், எல்லாம் பார்த்தாயிற்று. எத்தனையோ முறை பெட்டியைத் திறந்து நான்கு செல்லையும் தனித்தனியே அளந்திருக்கிறேன். நான்கும் ஒன்றுக்கொன்று ஒட்டியே நிற்கின்றன. டெர்மினலில் ஒரு பொட்டுப் பூப்பு இல்லை. வண்டியைச் சில வாரம் தொடாமல் வைத்திருந்து மிதித்தாலும் அதே துடிப்பு, இந்த வகை தன்னால் சார்ஜ் இழப்பது மிகக் குறைவு. முக்கோணம் காலியாக, சுத்தமாக, அழகாக இருக்கிறது. நிறுத்திவிட்டு இறங்கி, சாலையைக் கடந்து நின்று பார்க்காமல் நான் வீட்டுக்குள் போவதில்லை.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்திவிட்டது. ஆகவே ஃப்ரேமை வெட்டுவது, வேறு எஞ்சின் பூட்டுவது என்ற பக்கம் நான் போகவே இல்லை. அடையாள எண்கள் எல்லாம் பிறந்தபடி. தகரப் பெட்டிகளையும் ஒயரிங்கையும் பேட்டரியையும் மாற்றியே ஒரு வண்டியை இவ்வளவு புதிதாக்க முடியும் என்பதில் எனக்கு இரட்டைச் சந்தோஷம்.

என் வண்டியைப் பார்த்த மைத்துனர் தன் செல்ஃப் ஸ்டார்ட் புல்லட்டுக்கும் இதே பேட்டரி வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். “மாமா, அதையே எனக்கும் ஒண்ணு கட்டிக் குடுங்க.” அதே கிடையாது என்று உட்கார வைத்து விளக்கினேன். என்னுடைய செல்கள் தம் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு மின்னோட்டம் வரைதான் நிம்மதியாகத் தரும், அதாவது 18 ஆம்பியர் அளவு. ஒற்றை சிலிண்டரின் அழுத்தத்தை எதிர்த்து செல்ஃப் மோட்டார் சுழல அதைப்போலப் பல மடங்கு வேண்டும். கம்பெனிக்காரர்கள் அந்த வண்டிகளுக்கு 14 ஏ.எச். பேட்டரி வைத்தது சும்மா இல்லை. அவருக்கு வேண்டியது கொள்ளளவு குறைந்து பாய்ச்சல் கூடிய செல். 26 மில்லிமீட்டர் விட்டமுள்ள சில இரும்பு பாஸ்பேட் செல்கள் 2.5 ஏ.எச். மட்டுமே, ஆனால் ஒவ்வொன்றும் தொடர்ந்து 70 ஆம்பியர் தரும். இரண்டிரண்டாக இணைத்து நான்கு அடுக்காகத் தொடுத்தால் எட்டு செல், 5 ஏ.எச்., 140 ஆம்பியர், எடை முக்கால் கிலோவைத் தாண்டாது. பி.எம்.எஸ்.ஸும் அந்தப் பாய்ச்சலைத் தாங்குவதாக இருக்க வேண்டும், மலிவானது செல்ஃபை அழுத்திய கணமே துண்டித்துவிடும். அவ்வளவு நுணுக்கம் வேண்டாம் என்றால், அவர் வண்டியில் ஏற்கனவே இருப்பதற்குக் குறையாத ஸ்டார்ட்டிங் திறன் எழுதியிருக்கும் ரெடிமேட் லித்தியம் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். அவர் எட்டு செல்லையே கேட்கிறார். அண்ணன் ஷெட்டில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை முறுக்கிப் பிடித்து அளந்தாயிற்று. 14.3-ல் அசையாமல் நிற்கிறது. காசிமேட்டில் 316 தகட்டுக்குச் சொல்லிவிட்டோம்.